நடுவில் ஒருத்தி

ஆபீசர்ஸ் லைனில் மூன்றாவது கடை.
முப்பத்திரண்டு இன்ச், வளைந்தது, புது மாடல் என்று
கடைக்காரர் துணி போட்டுத் துடைத்துக் காட்டினார்.
வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிவிட்டு
நான் பின்பக்கம் போய்
அதன் முதுகில் காதை வைத்தேன்.
ஒரு கொசு. சன்னமாக, விடாமல்.
"எல்லாரும் முன்னாடி நின்னுதாம்மா பாப்பாங்க."
நாலு பெட்டிகளின் முதுகைக் கேட்டுவிட்டு
ஐந்தாவதாக
ஊமையான ஓர் இருபத்துநாலு இன்ச்சை
ஸ்கூட்டியில் கால்களுக்கிடையே நிறுத்திக்கொண்டு
பாலாற்றுப் பாலம் கடந்தேன்.
வெயில் இரு கரையும் தொட்டு ஓடியது.

காட்பாடியில் என் ஸ்டுடியோ, பத்துக்குப் பன்னிரண்டு.
கீழே டயர் கடை. கொஞ்சம் தள்ளி ரயில்.
எக்ஸ்பிரஸ் போகும் நேரமெல்லாம்
சுவரில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.
கூட்ஸுக்கு மட்டும் எழுத ஒன்றுமில்லை.

முதலில் எல்லாரும் வைக்கிற இடத்தில்தான் வைத்தேன்,
இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், கண்ணுக்கு நேரே.
அங்கே ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள்.
இடமும் வலமும் சமமாகப் பேசும்போது
எந்தப் பெட்டியிலும் இல்லாமல்
வெறுங்காற்றில் வந்து நிற்பாளே, அவள்.
அவள் முகத்துக்கு முன்னால்
பலகை அடித்துவிட்டிருந்தேன்.
திரைமேல் தேங்காய்ப்பூத் துண்டைப் போர்த்தினேன்:
ஓரடி முன்னால் வந்தாள்.
எடுத்தேன்: தகரக் கொட்டகைக்குள்ளிருந்து பேசினாள்.

அடுத்து இடப்பக்கச் சுவரோரம்.
மூன்று நாள் கழுத்து அந்தப் பக்கமே திரும்பியிருந்ததில்
வலக்காது முன்சீட்டுக்கு வந்துவிட்டது.
குடியாத்தம் நகைக்கடை விளம்பரம்
மொத்தமும் இடப்பக்கம் சரிந்தது.
"எங்க கடையில ஒரு ஷட்டர்தான் திறந்திருக்கா மேடம்?"
முதலாளி போனில் சிரிக்காமல் கேட்டார்.

பிறகு மேசையில் ஒரு பள்ளம் வெட்டச் சொல்லி
ஸ்பீக்கர்களின் வாய்க்குக் கீழே
கொஞ்சம் மல்லாந்தாற்போல் படுக்கவைத்தேன்.
டியூப்லைட் அதில் நீச்சலடித்தது.
டியூப்லைட்டைக் கழற்றினேன்.
இப்போது பார்க்க வேண்டுமென்றால்
தலையைக் குனிய வேண்டும்.
அதுவும் நல்லதுக்குத்தான் போல.

கண் ஆஸ்பத்திரி நவமணி சிஸ்டர்
நைட் டியூட்டி முடிந்து நேரே வந்தார்.
கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருப்பவர்களுக்கு
வார்டு ஸ்பீக்கரில் ஒலிக்க வேண்டியது.
"இருமாதீங்க. குனியாதீங்க.
பாத்ரூம் போகணும்னா கட்டிலைத் தட்டுங்க,
நான் வர்றேன்."
ஒரே டேக்.

புதுத் திரையில் அந்தக் குரல்
ஊரைச் சுற்றிய மொட்டைப் பாறைகள் மாதிரி
எழும்பி எழும்பித் தெரிந்தது.
பாறைக்குப் பாறை நடுவில் சின்னச் சின்னப் புதர்: மூச்சு.
பார்க்க நன்றாக இல்லை.
வெட்டினேன், முப்பத்தாறு இடத்தில்.
வெள்ளையடித்த சுவர்போல் ஆனது.

சிஸ்டர் கேட்டார். இன்னொரு தரம் கேட்டார்.
"இதுல நான் மூச்சே விடலையே?"
அழித்தேன் என்றேன், பெருமையாகவே.
"வேணாம்மா, பயந்துருவாங்க.
கட்டில் பக்கத்துல ஆள் இருக்கா இல்லையான்னு
அவங்க அதை வச்சுதான் கண்டுபிடிப்பாங்க."

முப்பத்தாறையும் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன்.
முதல் பத்துக்குக் கொஞ்சம் கோபம் இருந்தது.
கடைசியில் திரையின் பொத்தானை அமுக்கினேன்.
புதுசு, விறைப்பாக இருந்தது.
ஓரத்து நீல விளக்கு மட்டும் விழித்துக்கொண்டிருக்க
அதன்மேல் கறுப்பு டேப்.
முழு இருட்டில் ஓடவிட்டேன்.

நடுவில் வந்து நின்றாள்,
தொட்டால் சேலை நுனி கைக்கு வரும்போல.
இருமாதீங்க என்றாள்.
ஒரு மூச்சு இழுத்து,
குனியாதீங்க.

ஓடி முடிந்தபின்னும் மூச்சு கேட்டது.
எதையோ வெட்டாமல் விட்டேனென்று
பொத்தானைத் தேடிய கை பாதியில் நின்றது.
பின்னால் நாற்காலியில்
சிஸ்டர் தூங்கிப்போயிருந்தார், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

கூட்ஸ் ஒன்று வந்தது.
மேசை அதிர்ந்தது, திரை அதன் பள்ளத்தில் மெல்ல ஆடியது.
எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
ஐம்பத்தெட்டுப் பெட்டி.
அவர் எழவில்லை.